பெயரும் இடமும் பதிவும்



யாழ்ப்பாணத்துக் காணி உறுதி ஒன்றை வாசித்தவர்களுக்கு அதன் நடை நினைவிருக்கும். காணியின் பெயர் முதலில் வரும். பரப்பும் குழியும் அடுத்து வரும். அதன்பின், கிழக்கே இன்னார் காணி, வடக்கே ஒழுங்கை, மேற்கே இன்னார் காணி என நான்கு எல்லைகளும் சொல்லப்படும். காணி நகர்வதில்லை, எல்லைக்காரரோ மாறுவர். மூன்று தலைமுறை கடந்தபின் அந்த உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லையைத் தேடுவோர் திகைத்து நிற்பதை நாம் கண்டிருக்கின்றோம். காணி கிடந்த இடத்திலேயே கிடக்கின்றது. உறுதியும் பெட்டகத்திலே பத்திரமாக இருக்கின்றது. இரண்டையும் இணைத்து நின்ற சொல்லே அறுந்துபோயிற்று.

நகராத நிலத்துக்கே இந்நிலையெனின், விரலசைவிலே நகர்ந்துவிடும் பொருள்களின் நிலை யாது? இன்று நம் வீடுகளிலும் பாடசாலைகளிலும் பாட்டுகளும் படங்களும் ஒலிப்பதிவுகளும் கணினிக் கோப்புகளாகக் குவிந்துள்ளன. அவற்றை வகைப்படுத்திக் காட்டுவதற்கு ஊடக நூலக மென்பொருள்கள் வந்துள்ளன. அக்கோப்புகளை இடம் மாற்றுவதும் பெயர் மாற்றுவதும் மிக எளிது. எளிதாயிருப்பதே அதிலுள்ள இடர். இந்த இடர் கணினியோடு பிறந்ததன்று. ஏடுகளைச் சேர்த்து வைக்கத் தொடங்கிய நாளிலேயே அது பிறந்துவிட்டது. அதன் வரலாற்றையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகின்றேன்.

இதில் எனக்கு அக்கறை உண்டானது என் சொந்தத் தவறொன்றினாலேயாம். அதனை முதலிற் சொல்லிவிடுதல் முறை.

சில ஆண்டுகளுக்கு முன், நான் அதிபராகக் கடமையாற்றிய பாடசாலையில், பழைய வகுப்புப் படங்களையும் பரிசளிப்பு விழாப் படங்களையும் மாணவர்கள் கணினியில் ஏற்றினார்கள். இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் இரண்டு விடுமுறைக் காலங்கள் அவர்கள் அருகே அமர்ந்து, ஒவ்வொரு படத்திலும் நிற்கும் பிள்ளைகளின் பெயர்களை இடமிருந்து வலமாகச் சொல்ல, மாணவர்கள் அவற்றை மென்பொருளிலே பதிந்தார்கள். அடுத்த ஆண்டு அவர் காலமானார். அதன்பின் ஒருநாள், கோப்புறைகளின் பெயர்கள் ஒழுங்கின்றிக் கிடப்பதைக் கண்ட நான், அந்த மென்பொருளைத் திறவாமலே, கணினியின் சாதாரணக் கோப்புச் சாளரத்தில் அவற்றைப் பத்தாண்டு வாரியாகப் பிரித்துப் புதுப் பெயரிட்டேன். மறுநாள் மென்பொருளைத் திறந்தால், படம்தோறும் வினாக்குறி! அவை பயனற்ற பதிவுகள் என எண்ணி அனைத்தையும் நீக்கிவிட்டுப் படங்களைப் புதிதாகச் சேர்த்தேன். படங்கள் யாவும் வந்தன. பெயர்கள் ஒன்றேனும் வரவில்லை. ஒரு படமும் அழியவில்லை. ஆயினும் அந்த ஆசிரியர் நமக்கு விட்டுச்சென்றதை நானே அழித்துவிட்டேன்.

நிற்க. இனி வரலாற்றுக்கு வருவோம்.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா நகரிலே பெரியதொரு நூலகம் இருந்தது. அங்கே புலவராய் விளங்கிய கலிமாக்கஸ் என்பார் கிரேக்க நூல்களுக்குப் 'பினாக்கெஸ்' என்னும் அட்டவணையை 120 சுருள்களில் ஆக்கினார். அவ்வட்டவணை இன்று சிற்சில துணுக்குகளாகவே எஞ்சியுள்ளது. ஆயினும் அதன் முறையை நாம் அறிவோம். நூலின் பெயரையும் ஆசிரியரையும் குறித்ததோடு அவர் அமையவில்லை. நூல் எந்தச் சொற்களோடு தொடங்குகின்றது என்பதையும், அதில் எத்தனை வரிகள் உள்ளன என்பதையும் குறித்தார். ஏன்? தலைப்பு மாறலாம், சுருள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகலாம், முதற்சொற்களும் வரித்தொகையும் நூலோடு கூடவே செல்வன. நம் தமிழிலும் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் தத்தம் முதற்சொற்களாலேயே பெயர் பெற்றவை. உள்ளடக்கத்திலிருந்து பிறந்த பெயரை இடமாற்றம் தொடுவதில்லை. இந்த உண்மை இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்துக் கணினியிலே திரும்பி வருவதைப் பின்னர்க் காண்போம்.

இதற்கு மாறாக, இடத்தையே பெயராகக் கொண்ட நூலகம் ஒன்று இங்கிலாந்தில் இருந்தது. 1571இற் பிறந்து 1631இல் மறைந்த சேர் றொபேட் கொட்டன் என்பார் அரிய கையெழுத்துப் பிரதிகளைத் திரட்டினார். அவர் நூலகத்து அலுமாரிகளின் மேலே உரோமப் பேரரசர் முதலியோரின் மார்பளவுச் சிலைகள் நின்றன. எந்தச் சிலையின் கீழ், எந்தத் தட்டில், எத்தனையாவது நூல் என்பதே நூலின் முகவரி. பழைய ஆங்கிலக் காவியமாகிய 'பேயோவுல்ஃப்' அடங்கிய பிரதி, வித்தேலியஸ் என்னும் பேரரசனின் சிலைக்குக் கீழ், முதல் தட்டில், பதினைந்தாவதாக இருந்தது.

அந்நூலகம் பின்னர் நாட்டுடைமையாகி, வேறு வேறு மனைகளுக்கு இடம் மாறியது. 1731இல் அது வைக்கப்பட்டிருந்த ஆஷ்பேண்ஹாம் மாளிகையில் தீப்பற்றியது. பல பிரதிகள் கருகின. பேயோவுல்ஃப் பிரதியும் ஓரங்கள் கருகித் தப்பியது. 1753இல் நிறுவப்பெற்ற பிரித்தானிய நூதனசாலைக்கு அத்தொகுதி சேர்ந்தது; இன்று பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றது. அந்த அலுமாரியும் இல்லை, அந்த அறையும் இல்லை. ஆயினும் அப்பிரதியின் பெயர் இன்றும் 'கொட்டன் வித்தேலியஸ் ஏ 15' என்பதேயாகும். காரணம் யாது? நூற்றாண்டுக் கணக்கில் அறிஞர்கள் தம் நூல்களில் அப்பெயரைச் சுட்டி எழுதிவிட்டார்கள். அதனைத் திருத்தினால் அச்சுட்டல்கள் யாவும் குருடாகிவிடும். எனவே, முகவரியாய்ப் பிறந்த சொல்லை அசையாத பெயராக ஏற்றுக்கொண்டு, உண்மையான இடத்தை வேறு பதிவில் குறித்துக்கொண்டார்கள். ஒரு பொருளின் பெயர் வேறு, அது இருக்கும் இடம் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நூல்கள் வெள்ளம்போற் பெருகின. அக்காலத்து நூலகங்கள் பலவற்றில் நூலின் குறியீடு அறை, அலுமாரி, தட்டு என்னும் நிலையான இடத்தையே குறித்தது. தட்டு நிறைந்து நூல்களை நகர்த்த நேர்ந்தால், நூலின் முதுகிலும் அட்டவணையிலும் குறியீட்டை மாற்ற வேண்டும். ஒன்றை மாற்றி மற்றதை மறந்தால் அந்நூல் நூலகத்தினுள்ளேயே காணாமற்போயிற்று. இதற்குப் பரிகாரமாக, அமெரிக்காவின் அம்மேஸ்ற் கல்லூரி நூலகத்திற் பணியாற்றிய மெல்வில் டூயி, 1876இல் 44 பக்கங்கொண்ட சிறு நூலாகத் தம் தசமப் பகுப்பை வெளியிட்டார். அதிலே எண் என்பது தட்டைச் சுட்டாது, பொருளைச் சுட்டும். நூல்கள் எந்த அறைக்குச் சென்றாலும் எண் மாறுவதில்லை. ஒன்றுக்கொன்று உள்ள வரிசையும் குலைவதில்லை.

அவ்வழியிலே மேலும் ஆழ்ந்து சென்றவர் ஒரு தமிழ்நாட்டவர். சீர்காழியிற் பிறந்து, கணித விரிவுரையாளராயிருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான இரங்கநாதன் அவர்களே அவர். 1933இல் வெளிவந்த அவரது கோலன் பகுப்பு முறை, ஒரு நூலின் பொருளைப் பல கூறுகளாகப் பகுத்து அவற்றை இணைத்து எண் தந்தது. நூலகத்தை வளரும் உயிரோடு ஒப்பிட்டவரும் அவரே. வளரும் வீட்டில் பொருள்கள் இடம் மாறியே தீரும். ஆதலால் மாறாத அடையாளம் ஒன்று வேண்டும்.

பெயரே மாறினால் என் செய்வது? அதற்கும் நூலகர்கள் வழி கண்டனர். டூயியின் நூல் வெளிவந்த அதே 1876இல் சாள்ஸ் கட்டர் என்னும் அமெரிக்க நூலகர் அகரவரிசை அட்டவணைக்கு விதிகள் வகுத்தார். பழைய பெயரில் ஒரு சீட்டை விட்டு, அதிலே 'இன்ன பெயரின் கீழ்க் காண்க' என்று எழுதி வைக்கும் வழக்கத்தை அவை நிலைபெறச் செய்தன. இதன் அருமையை உணர நாம் தூரம் செல்ல வேண்டியதில்லை. 1949இல் 'றேடியோ சிலோன்' என ஆங்கிலத்தில் அழைக்கப்பட்ட நிலையம் 1967இல் கூட்டுத்தாபனமாயிற்று. 1972இல் நாடு குடியரசானபோது, ஆங்கிலப் பெயரிலிருந்த 'சிலோன்' என்பது 'ஸ்ரீ லங்கா' என மாறியது. ஆங்கில அகரவரிசை அட்டவணையில் அது ஒரு பெட்டியிலிருந்து தொலைவிலுள்ள வேறொரு பெட்டிக்குத் தாவிவிட்டது. தமிழ் அட்டவணையிலோ, நாம் என்றும் 'இலங்கை' என்றே எழுதியமையால், அது தன் இடத்திலேயே நிற்கின்றது! பழைய பெட்டியில் 'காண்க' என்னும் சீட்டு இல்லையேல், 1972க்குப்பின் பிறந்த ஆராய்ச்சியாளர் ஒருவர் முந்தியவை எவையும் இல்லையென்றே முடிவு கட்டிவிடுவார்.

இனிக் கணினியின் காலம். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி ஆகியோர் யுனிக்ஸ் என்னும் இயக்கு முறைமையை உருவாக்கத் தொடங்கினர். அதிலே ஒரு நுட்பம் உண்டு. கோப்பின் பெயர் கோப்பிலே இல்லை! கோப்புக்கு உள்ளே ஓர் எண் மட்டுமே உண்டு; பெயரோ கோப்புறை என்னும் இடாப்பில் அந்த எண்ணுக்கு எதிரே எழுதப்பட்டிருக்கும். ஆதலால் ஒரே வட்டுப்பகுதிக்குள் கோப்பை நகர்த்தும்போது உண்மையில் எதுவும் நகர்வதில்லை. இடாப்பிலே ஒரு வரி அழிந்து இன்னொரு வரி எழுதப்படுகின்றது. தொடக்க காலத்திலே பெயர் மாற்றம் இரண்டு படிகளில் நடந்தது: முதலில் புதுப் பெயர் சேர்க்கப்படும்; பின்னரே பழைய பெயர் நீக்கப்படும். இடையில் மின்சாரம் நின்றால், கோப்புக்கு இரண்டு பெயர்கள் இருக்கும், பெயரின்றிப் போகாது. 1983இல் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட யுனிக்ஸ் பதிப்பு இதனைப் பிளவுபடாத ஒரே செயலாக்கிற்று.

ஆனால் ஒரு வட்டிலிருந்து வேறொரு வட்டுக்கு நகர்த்துவது முற்றிலும் வேறான காரியம். அங்கே நடப்பது நகர்த்தலன்று. படியெடுத்துவிட்டு மூலத்தை அழித்தலே. திரையிலே இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். படியெடுப்பு அரைகுறையாய் நிற்க, மூலமும் அழிந்தால், மீள்வதற்கு வழியில்லை.

1990களின் நடுவிலே பாட்டுகள் எம்பி3 கோப்புகளாயின. 1996இல் எரிக் கெம்ப் என்பார் கோப்பின் வாலிலே 128 பைற்றுகள் கொண்ட சிறு சீட்டொன்றை ஒட்டும் வழியைக் கண்டார். பாட்டின் தலைப்புக்கு அதில் 30 பைற்றுகளே இடம். குறுகிய இடமெனினும் கருத்துப் பெரிது: விவரம் பொருளோடேயே பயணஞ் செய்யும். கோப்பின் பெயரை யார் எப்படி மாற்றினாலும் அச்சீட்டு உள்ளே இருக்கும். படங்களுக்கும் ஆவணங்களுக்கும் இத்தகைய சீட்டாக எக்ஸ்எம்பி என்னும் முறையை அடோபி நிறுவனம் 2001இல் அறிமுகப்படுத்தியது.

அதே 2001 சனவரியில் அப்பிள் நிறுவனத்தின் ஐட்யூன்ஸ் வெளிவந்தது. 2007இல் அடோபியின் லைட்ரூம் வந்தது. இவ்வகை மென்பொருள்கள் பலவற்றில் கோப்பு வட்டிலே தன் கோப்புறையிற் கிடக்கும். மென்பொருள் தன் தரவுத்தளத்தில் அக்கோப்பின் பாதையை எழுதி, அதற்கெதிரே நாம் இட்ட பெயர்களையும் குறிப்புகளையும் தொகுப்புகளையும் வைத்திருக்கும். நூலகமும் அட்டவணையும் போன்ற அதே இருமையே இது. ஐட்யூன்ஸ் வழியே பாடகரின் பெயரைத் திருத்தினால், நாம் அனுமதித்திருப்பின், கோப்பின் பெயரையும் அதுவே மாற்றித் தன் பதிவையும் திருத்திக்கொண்டது. அதற்குத் தெரியாமல் வெளியே மாற்றினால், பாட்டுக்கு அருகே வியப்புக்குறி தோன்றிற்று. லைட்ரூமில் கோப்புறைக்கு அருகே வினாக்குறி தோன்றும். அக்குறி 'அழிந்தது' என்று சொல்லவில்லை. 'நீ சொன்ன இடத்தில் காணவில்லை, எங்கே வைத்தாய்?' என்று கேட்கின்றது. நான் அந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல், கேட்டவனையே வெளியேற்றிவிட்டேன்.

டிஜிகாம் போன்ற சில மென்பொருள்கள் கோப்பின் உள்ளடக்கத்தைக் கொண்டு கணக்கிட்ட அடையாள எண்ணொன்றையும் பதிந்துவைக்கின்றன. கோப்பு வேறிடத்திலே தோன்றினாலும், எண் ஒத்தால் 'இது நமக்குத் தெரிந்த படமே' என்று பழைய குறிப்புகளோடு இணைத்துக்கொள்ள அது உதவுகின்றது. கலிமாக்கஸின் முதற்சொற்களும் வரித்தொகையும் இங்கே மீண்டும் வந்து நிற்கின்றன அல்லவா?

தமிழில் கோப்புப் பெயர் இடுவோருக்குத் தனியான இடர் ஒன்றுண்டு. யுனிகோட் முறையிலே 'கொ' என்னும் எழுத்தை, ககரத்தோடு ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. குறிகளை அப்படியே ஒப்பிடும் மென்பொருளுக்கோ அவை இரு வேறு பெயர்கள். ஒரு வகைக் கணினியிலிருந்து வேறு வகைக் கணினிக்குக் கோப்புகளை மாற்றும்போது இத்தகைய வேறுபாடு நேரலாம். அன்றியும், வினாக்குறி, முக்காற்புள்ளி, சாய்கோடு ஆகியவற்றை விண்டோஸ் கோப்புப் பெயர்களில் ஏற்பதில்லை. ஆதலால் கோப்புப் பெயரைக் குறுகியதாகவும் எளியதாகவும் வைத்து, ஆண்டு, மாதம், நாள் என்னும் முறையிலே இலக்கங்களால் தொடங்கி, விரிவான தமிழ்ப் பெயர்களையும் விவரங்களையும் உள்ளே உள்ள சீட்டிலும் பதிவிலும் எழுதுதல் நன்று.

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பவற்றை ஒழுங்குபடச் சொல்வேன்.

முதலாவது, எதையும் தொடுமுன் கோப்புகளுக்கு மட்டுமன்றி மென்பொருளின் தரவுத்தளத்துக்கும் காப்புப் பிரதி எடுத்தல் வேண்டும். அட்டவணையும் ஓர் ஆவணமே. இரண்டாவது, பதிவேடு யார் கையில் உளதோ அவரைக் கொண்டே பொருளை நகர்த்தல் வேண்டும். அதாவது, மென்பொருளுக்குள்ளிருந்தே இடமும் பெயரும் மாற்றுதல் வேண்டும். வெளியே மாற்றியே ஆகவேண்டுமெனின், உடனே அம்மென்பொருளுக்குப் புதிய இடத்தைக் காட்டிக்கொடுத்தல் வேண்டும். மூன்றாவது, ஒரு வட்டிலிருந்து மறுவட்டுக்குச் செல்லும்போது முதலிற் படியெடுத்து, எண்ணிக்கையையும் அளவையும் ஒப்பிட்டு, சிலவற்றைத் திறந்து பார்த்து, அதன்பின்னரே மூலத்தை நீக்குதல் வேண்டும். நான்காவது, வினாக்குறி கண்டவுடன் பதிவை நீக்கலாகாது. ஐந்தாவது, பழைய பெயர் எது, புதிய பெயர் எது என்பதை எழுதிவைத்தல் வேண்டும். ஆறாவது, அரிய விவரங்களை மென்பொருளின் வயிற்றில் மட்டும் விடாது, கோப்பினுள்ளேயும் பதிந்து வைத்தல் வேண்டும்.

இவற்றுள் ஐந்தாவதே என்னைச் சிறிது காத்தது. நான் செய்த மாற்றங்களைப் பாடசாலையின் சம்பவத் திரட்டில், வழக்கம்போல், எழுதி வைத்திருந்தேன். தவறு தெரிந்தபின், மாணவன் ஒருவன் தன் கைச்சேமிப்பானில் எடுத்து வைத்திருந்த பழைய தரவுத்தளப் பிரதி ஒன்றைக் கொண்டுவந்தான். அது முற்றுப்பெறாத காலத்துப் பிரதி. சம்பவத் திரட்டைப் பார்த்துக் கோப்புறைகளுக்குப் பழைய பெயர்களை மீண்டும் இட்டோம், அப்பிரதியைத் திறந்தோம், வினாக்குறிகள் மறைந்தன. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பெயர்கள் திரும்பி வந்தன.

மற்றைய படங்களை அச்சிட்டு, ஒவ்வொரு பரிசளிப்பு விழாவின்போதும் மண்டப வாயிலிலே ஒரு மேசையில் வைத்தோம். பழைய மாணவர்கள் குனிந்து பார்த்து, சிலருடைய பெயர்களைச் சொன்னார்கள். நான் அப்பாடசாலையை விட்டு மாற்றலாகி வந்தபோதும், இரண்டாம் வரிசையில் நின்ற பல பிள்ளைகளின் முகங்களுக்குக் கீழே கோடு மட்டுமே இருந்தது. அவர்களுடைய பெயர்களை ஒருவர் நமக்குச் சொல்லியிருந்தார். நாம் அவற்றை எழுதியுமிருந்தோம். அந்தக் கோடுகளை நினைக்கும்போதெல்லாம், எந்தக் கோப்பையும் அவசரத்தில் நகர்த்த என் கை எழுவதில்லை. உங்கள் வீட்டிலும் அத்தகைய கோப்புறை ஒன்று இருக்கும். அதனை ஒழுங்குசெய்யுமுன், அதன் பதிவேடு எங்கே இருக்கின்றதென ஒருகணம் தேடிப் பாருங்கள்.